ஆப்பிள் ஆபீஸில் ஆட்குறைப்பு

ஆப்பிள் மரத்துக்கு வரவு செலவுக் கணக்குத் தெரியும் என்றால் நம்புவீர்களா? பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்மில் பலரைவிட நன்றாகவே தெரியும்.

போன மே மாதம் சிம்லாவைத் தாண்டி கோட்கர் பக்கம் போயிருந்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-ல் ரெட் டெலிஷியஸ் நட்டாரே, அந்த ஊர். அங்கே ஆப்பிள்தான் சம்பளம், போனஸ், பி.எஃப். எல்லாம். நான் தங்கிய வீட்டுக்காரரின் தோட்டத்தில் காலை வைத்தால், சுண்டைக்காய் அளவில் பிஞ்சுகள் உதிர்ந்து கிடக்கின்றன. எனக்கு வயிறு எரிந்தது. மனிதர் சிரிக்கிறார்.

"விழட்டும் சார். பூத்ததெல்லாம் காய்ச்சா மரம் தாங்குமா?"

நியாயம்தான். நூறு பூவில் ஐந்து, பத்து பழமானாலே நல்ல மகசூல். கொத்துக்கு ஐந்தாறு பூ. நடுப்பூ முதலில் மலரும். அதன் பிஞ்சுதான் சீனியர். பஞ்சம் வந்தால் ஓரத்துப் பிஞ்சுகளுக்குத்தான் முதலில் சீட்டுக் கிழியும். எந்த ஆபீஸில்தான் இல்லை!

பஞ்சம் எப்படி வருகிறது? மரத்துக்கு வருமானம் வெயில். இலைகள் பகலில் சர்க்கரை சம்பாதிக்கின்றன. செலவோ இருபத்து நாலு மணி நேரமும். ராத்திரி கதகதப்பாக இருந்தால் செலவு எகிறும். பகலெல்லாம் மூட்டம், ராத்திரி வெக்கை என்று மூன்று நாலு நாள் சேர்ந்து வந்தால் பட்ஜெட் உதைக்கும். மரம் கடன் வாங்காது. பிஞ்சை உதிர்த்துவிடும்.

அதற்கு முன்னாலும் கண்டங்கள் உண்டு. ஏப்ரலில் பூக்கிற நேரம் மழையும் குளிருமாக இருந்தால் தேனீ கூட்டை விட்டுக் கிளம்பாது. வேறு ரக மரத்து மகரந்தம் வராவிட்டால் விதை குறையும். விதை குறைந்த பிஞ்சு நிலைக்காது.

சில வருஷம் மரம் தானாக உதிர்ப்பது போதாது. அத்தனையும் தங்கினால் பழம் எலுமிச்சை சைஸ். மண்டியில் சீந்த ஆளில்லை. போதாக்குறைக்கு, விதைகளில் ஊறும் ஹார்மோன் அடுத்த வருஷப் பூமொட்டையும் தடுத்துவிடும். இந்த வருஷம் விருந்து, அடுத்த வருஷம் பட்டினி. அதனால் மருந்தடித்துப் பிஞ்சைக் கலைக்கிறார்கள். அங்கேதான் சூதாட்டம். வெயிலடித்து ராத்திரி குளிர்ந்தால் மருந்து பேருக்குத்தான் வேலை செய்யும். அதே அளவு மருந்து, மறுநாள் மூட்டம் போட்டால் மரத்தையே மொட்டையடித்துவிடும். அளவு டப்பாவில் எழுதியிருக்கிறது. வானத்தில் எழுதியிருப்பதை யார் படிப்பது?

மனிதர் டப்பாவும் கையுமாக நின்றார். பிஞ்சு பத்து மில்லிமீட்டர். பத்து நாள் போனால் முற்றி, மருந்துக்கு மசியாது. மகள் சண்டிகரில் காலேஜ். ஃபீஸ் இந்த மரங்களிலிருந்துதான் வரவேண்டும். மேற்கே மேகம்.

"அடிக்கலாமா, பாய் சாப்?" என்கிறார், என்னைப் பார்த்து! சென்னையில் குடை எடுத்துப் போகலாமா என்பதற்கே பக்கத்து வீட்டில் கேட்கிற ஜாதி நான்.

அவர் மனைவிதான் குறுக்கே வந்தார். "மருந்துக்கு எண்ணத் தெரியாது. என் கைக்குத் தெரியும்."

ஆள் கூலி, நேரம் என்று அவர் இழுத்துப் பார்த்தார். எடுபடவில்லை.

மறுநாளும் மூட்டம். டப்பா திறக்காமல் திண்ணையில் கிடந்தது. அந்த அம்மாள் ஏணியில் நின்று, கொத்துக்கு ஒன்றை விட்டு மிச்சத்தைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.