ஆறு ஹரகத்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்க, எங்கள் மதரஸாவின் கதவும் அடைபட்டது. சில நாட்களில் கைப்பேசியில் காணொளிச் செயலி வழியே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கலானேன்.

உஸ்தாதின் உதட்டைப் பார்த்து, ஓசையைக் காதில் வாங்கி, அவருடன் சேர்ந்தோதிப் பழகுவதே நம் வழக்கம். கைப்பேசியில் அது இயலவில்லை. ஒவ்வொரு வீட்டுக் குரலும் வெவ்வேறு தாமதத்தில் வந்து கூச்சலாயிற்று. ஸீனையும் ஸாதையும் பிரித்தறிவதே பெரும்பாடு!

ஒரு சிறுவன், அல்ஃபாத்திஹாவின் இறுதிச் சொல்லில் ஆறு ஹரகத் நீட்ட வேண்டிய இடத்தில் இரண்டிலேயே நின்றான். மும்முறை திருத்தினேன், பின்பு கடிந்துகொண்டேன்.

"நீட்டித்தான் ஓதுறேன் ஹஸ்ரத்" என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் அவன் வரவில்லை.

அன்றிரவு அவன் வாப்பாவின் எண்ணிலிருந்து குரற்பதிவொன்று வந்தது. ஆறும் நிறைவாக இருந்தது. விசாரித்தபின்தான் விளங்கிற்று: ஏற்ற இறக்கமின்றி நீளும் ஓசையை மின்விசிறி இரைச்சலாகக் கருதி அச்செயலியே அடக்கிவிடுகிறது. பாட்டுக் கற்பிப்போரும் இதே தொல்லைக்கு ஆளாகி, இரைச்சல் அடக்கும் வசதியை நிறுத்திவிட்டே கற்பித்தார்களாம்.

உடனே அவனை அழைத்து, "பிழை என்னுடையது, தம்பி" என்றேன்.

அதன்பின் பிள்ளைகள் ஓதிப் பதிந்தனுப்பியவற்றை ஃபஜ்ருக்குப் பின் ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தினேன். நேரம் மும்மடங்காயிற்று. ஆயினும், கூட்டத்தோடு உதட்டை மட்டும் அசைத்துக் காலங்கழித்த இருவரின் ஓதலை அப்போதுதான் முதன்முதலாகத் தனியே கேட்டேன். அவர்களுக்கு மீண்டும் அலிஃபிலிருந்து தொடங்கினோம்.