வராந்தாவில் இரண்டு வரலாறு

12 ஜூன் 2023, திங்கள்

பளுகல்காரிக்கு இன்றுதான் பள்ளி திறந்தது. வெயில் வெயில் என்று தமிழ்நாட்டில் தள்ளித் தள்ளி 12-ஆம் தேதிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜூன் 1-லேயே பிரவேசனோத்சவம் முடிந்து ஹாரப்பா ஓடிக்கொண்டிருக்கிறது. இருவரும் பிளஸ் டூ, இருவரும் வரலாறு எடுத்தவர்கள். அவள் வீடு கண்ணுமாமூட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுக்குள். கேரளத்தில் இருக்கிற எங்கள் காரக்கோணத்துக்கு சைக்கிளில் வந்துவிடுகிறாள்.

நான் மார்த்தாண்டம் பக்கத்தில் பிறந்து, தமிழில் படித்து, இங்கே கல்யாணமாகி வந்து, மலையாளத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். பால் கணக்கு மலையாளத்தில் எழுதுகிறேன். இந்த நோட்டை மட்டும் தமிழில். இரண்டு அரசுப் புத்தகத்தையும் எடுத்துவைத்துச் சொல்லிக்கொடுக்க இந்த வட்டாரத்தில் ஆள் குறைவு என்று இருவரையும் என் வராந்தாவில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

அவன் புத்தகம் டெல்லியில் எழுதி, மலையாளத்தில் பெயர்த்தது. ஹாரப்பாவின் செங்கல்லில் தொடங்கி அரசியல் நிர்ணய சபையில் முடியும். அவள் புத்தகம் சென்னையில் எழுதியது. எடுத்த எடுப்பில் தேசியத்தின் எழுச்சி. அவன் மொகஞ்சதாரோவில் இருக்கும்போது இவள் காங்கிரசின் முதல் மாநாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சுதேசிக் கப்பலும் வ.உ.சி.யும் கோரல் மில் வேலைநிறுத்தமும் இவளுக்கு மனப்பாடம். அவன் பாடத்தில் வ.உ.சி. இல்லை. ஆனால் ஒரு கல்வெட்டையோ கடிதத்தையோ கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டால் அவன் யோசிப்பான். இவள் உடனே, “எத்தனை மார்க் டீச்சரே?” என்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 90 மார்க்கில் 20, ஒரு மார்க் கேள்வி. அந்தக் கணக்கில்தான் படிக்கவைக்கிறார்கள்.

26 ஜூலை, புதன்

விடாத மழை. சாயா போட்டுக் கொடுத்துவிட்டு இன்றைய தேதியைச் சொன்னேன். 1859 ஜூலை 26. உத்திரம் திருநாள் மகாராஜா, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று விளம்பரம் போட்ட நாள். அதிலும், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் உண்டு. தெற்குத் திருவிதாங்கூர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அடிபட்டு வாங்கிய துணி அது.

என் பாட்டிக்கு ரவிக்கை என்ற சொல்லே வாயில் வராது. “குப்பாயம்” என்பாள். மிஷன் பெண்களுக்கு முதலில் அனுமதித்த அந்தத் தைத்த சட்டையின் பெயர், நான் நைலான் ரவிக்கை போட்ட காலம்வரை எங்கள் வீட்டில் கொடியில் காய்ந்தது.

நாடு முழுக்கப் படித்த ஒன்பதாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. இந்தக் கலகம் அதில் ஒரு பகுதி. நாடார்களைப் பற்றி எழுதியதில் தவறு இருக்கிறது என்று வழக்குவரை போனார்கள். 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. ஒரு சுற்றறிக்கை விட்டது: அடுத்த ஆண்டுத் தேர்வில் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி வராது. 2019-ல் பாடமே போய்விட்டது. தப்பு இருந்தால் சிவப்பு மையால் திருத்துவதுதானே வாத்தியார் வேலை? தாளையே கிழித்துக் கொடுத்தால் பிள்ளை எதைத் திருத்தும்?

23 ஆகஸ்ட், புதன்

திருவனந்தபுரம் காட்டன்ஹில் பள்ளியில் முதல்வர் கூடுதல் பாடப்புத்தகங்களை வெளியிட்டார். டெல்லி நீக்கியவற்றைக் கேரளம் சேர்த்திருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு வரலாறு, அரசியல், பொருளியல், சமூகவியல் என நான்கு பாடத்துக்கும். காந்தி கொலை, முகலாயர், குஜராத் கலவரம் எல்லாம் திரும்பி வருகின்றன. டி.வி.யில் பெரிய விவாதம். நானும் சந்தோஷமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. “டீச்சரே, இதுவும் பரீட்சைக்கு உண்டோ?”

ஒரு மாநிலமே கொண்டாடுகிறது, இவன் பக்கம் எண்ணுகிறான். சிரிப்பு வந்தாலும் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெட்டுகிறவர்களும் ஒட்டுகிறவர்களும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராத்திரி அலமாரியிலிருந்து பழைய மூன்றாம் பாகத்தை எடுத்தேன். கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது. இப்போது அச்சிடுகிற பாகத்தில் பிரிவினைப் பாடம் இல்லை, என்னுடையதில் இருக்கிறது. மொத்தப் புத்தகத்திலும் எனக்குப் பிடித்த பாடம் அதுதான். தலைவர்கள் பேசியதோடு நிறுத்தாமல், வீடு விட்டு ஓடியவர்களின் வாய்மொழியைக் கேட்டு அதையும் சான்றாக எப்படி எடைபோடுவது என்று சொல்லித்தரும். மறதி, பயம், மிகைப்படுத்தல் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்லும். அதை இருவருக்கும் நடத்தியே தீர்வது. மார்க் கிடக்கட்டும்.

31 ஆகஸ்ட், வியாழன்

சதயம். நாராயண குரு ஜயந்தி ஊர்வலத்தின் மஞ்சள் கொடி ரோடு முழுக்க. 1888-ல் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் அவர் நட்ட கல்லைப் பற்றிப் பையனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறொன்று. 1938-ல் இதே ஆகஸ்ட் 31-ல்தான் நெய்யாற்றங்கரையில் துப்பாக்கிச்சூடு. சர் சி.பி.யின் திவான் ஆட்சி, பொறுப்பாட்சி கேட்ட ஸ்டேட் காங்கிரஸ். வீரராகவனும் இன்னும் சிலரும் செத்தார்கள். பஸ்ஸில் போனால் அரை நாளில் பார்த்து வந்துவிடலாம். இரண்டு புத்தகத்திலும் தேடச் சொன்னேன், இரண்டிலும் இல்லை. “நம்ம பக்கத்துல எப்பவும் வெடிதானா?” என்றாள் பளுகல்காரி. அவள் வீட்டில் வேறொரு வெடியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள்.

1 நவம்பர், புதன்

காலையில் பையன் கசவு வேட்டியில் போனான். கேரளப்பிறவி நாள், பள்ளியில் நிகழ்ச்சி. அவளுக்கு இன்று உள்ளூர் விடுமுறை, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். ஒரே தேதி. கண்ணுமாமூட்டுக்கு இந்தப் பக்கம் பிறப்பு, அந்தப் பக்கம் இணைப்பு.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலூக்காவும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் 1956-ல் சென்னை மாநிலத்துக்குப் போயின. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியல் இன்னும் நீளம். தேவிகுளம், பீர்மேடு, எங்கள் நெய்யாற்றங்கரை எல்லாம் அதில் உண்டு. அவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. பஸல் அலி கமிஷனில் மூன்று பேர், அவர்களில் கே.எம். பணிக்கர் மலையாளி என்ற குறை இன்றும் அந்தப் பக்கத்துச் சாயாக் கடைகளில் ஆறவில்லை. இந்தப் பக்கத்துக் கடைகளில் நாஞ்சில் நாட்டு நெல் போன குறை.

இதில் இன்னொரு கூத்து. 2019-லிருந்து நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்றார்கள். 2021-ல் அதை ஜூலை 18-க்கு மாற்றினார்கள், 1967-ல் அண்ணா பெயர் மாற்றத் தீர்மானம் கொண்டுவந்த நாள் என்று. எது பிறந்த நாள் என்று ஒரு மாநிலமே இரண்டு வருடத்தில் மாற்றிக்கொள்ளும்போது, பதினேழு வயதுப் பிள்ளை வருடத்தைத் தப்பாக எழுதினால் நான் எந்த முகத்தோடு மார்க் குறைப்பது?

பழைய பிரிவினைப் பாடத்தில் சொன்னபடி வீட்டுப்பாடம் கொடுத்தேன். 1956-ல் உங்கள் வீட்டில் என்ன மாறியது? பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வரவேண்டும்.

19 நவம்பர், ஞாயிறு

பையனின் அம்மூம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “அரிசி மாறிச்சு.” அதற்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்து அரிசி தானாக வந்தது. அப்புறம் இடுப்பில் கட்டியும் தலைச்சுமடாகவும் ராத்திரியில் வந்தது. அக்காளைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம். கல்யாணமாகிப் போனபோது அது ஒரே ராஜ்யம், தலைப்பிரசவத்துக்கு வந்தபோது வேறு மாநிலம். பஸ் அதே பஸ். பஞ்சாபையும் வங்காளத்தையும் படித்துவிட்டு இதை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று பையனே எழுதியிருந்தான். அந்த வரிக்கு முழு மார்க்.

பளுகல் பாட்டாவுக்கு 1954-ல் பத்து வயது. ஆகஸ்ட் 11 அவருக்கு நன்றாக ஓர்மை உண்டு. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர். அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே பதவி விலகச் சொன்னார், தாணுபிள்ளை கேட்கவில்லை. பாட்டா சந்தைக்குப் போன அப்பாவைத் தேடி முக்கில் நின்றிருக்கிறார். அப்பா வரும்போது ஒரு காலில் செருப்பில்லை. பேத்தி பத்துப் பக்கம் எழுதியதில் இந்தச் செருப்பைத்தான் நான் மூன்று தரம் படித்தேன்.

படித்து முடித்ததும் அவளைத் தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் யார் என்று கேட்டேன். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, ஒரு மார்க், பட்டென்று வந்தது. எங்கே பிறந்தார்? தெரியவில்லை. ஆலப்புழையில், 1855-ல். வேலை பார்த்தது திருவனந்தபுரம் கல்லூரியில். நாடகத்தோடு நிற்காமல் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர். அவருக்கு முன்னால் இந்த ராஜ்யத்து வரலாற்றைக் கல்லைப் படித்து எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். இப்போது பையன் பக்கம் திரும்பினேன். அவர் மகன் பி.எஸ். நடராஜ பிள்ளை அரசியல் நிர்ணய சபையில் திருவிதாங்கூர் உறுப்பினர். உன் கடைசிப் பாடத்தில் வருகிற சபை அதுதான். 1962-ல் திருவனந்தபுரம் எம்.பி. நடுவில், 1954-ல், பட்டம் தாணுபிள்ளை மந்திரிசபையில் நிதி மந்திரி.

அவள் கணக்குப் போட்டாள். காலையில் பள்ளியில் அப்பா எழுதிய பாட்டு, பாட்டா முக்கில் நின்ற நாளில் மகன் மந்திரி. “அப்போ அவரு எந்தப் பக்கம் டீச்சரே?”

பதில் சொல்லாமல் மரச்சீனியும் மிளகாய்த் துவையலும் எடுக்க உள்ளே போனேன்.

10 டிசம்பர், ஞாயிறு

இருவரையும் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இங்கே விஷ்ணுவுக்குக் கோயில் கட்டி, காந்தளூர்ச் சாலை முறையில் ஒரு சாலையும் வைத்தான். 95 பேருக்கு இடம், சாப்பாடு அரசன் செலவு. செப்பேட்டில் எல்லாம் விவரமாக இருக்கிறது. யாரைச் சேர்க்கலாம் என்பதற்கும் நிபந்தனை. இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று ராஜ்யங்களின் நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். சேர, சோழ, பாண்டியர் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள்.

“அப்பவே ஸ்டேட் சிலபஸ் போதாதுல்லோ?” என்றான் பையன். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வேதம் படிக்கிற பிராமணருக்கு மட்டும்தான் அந்த 95 இடமும், உன் முப்பாட்டனோ இவள் முப்பாட்டனோ என் முப்பாட்டனோ மதில் பக்கம் வந்திருக்க முடியாது என்று சொன்னதும் பேச்சு நின்றது. செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழ். படத்தைக் காட்டினேன். இருவருக்கும் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. அதில் மட்டும் சமம்.

15 ஜனவரி 2024, திங்கள்

பொங்கல். இருவருக்கும் லீவு. பாட்டாவே பேத்தியின் சைக்கிளுக்குப் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் துணி, துணிக்குள் விளை ஆதாரம். தமிழ்நாட்டில் இருக்கிற நிலம், பத்திரம் முழுக்க மலையாளத்தில். பாட்டாவுக்குக் கண் தெரியவில்லை, பேத்திக்கு எழுத்து தெரியவில்லை. மகன்கள் பாகம் வைக்கப் போகிறார்களாம், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வாங்கப் போனேன். அதற்குள் பையன் வாங்கிவிட்டான்.

மடிப்பில் நூலிழைபோல் கிழிந்த தாள், கருப்பு மை பழுப்பாகியிருந்தது. கூட்டெழுத்தில் தடுக்கித் தடுக்கிப் படித்தான். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னான், அவள் எழுதிக்கொண்டாள். கொல்லம் 1129, கர்க்கடகம் 20. அவன் 824-ஐக் கூட்டி 1953 என்றான். அவள் பேனாவை நிறுத்தினாள். “கர்க்கடகம் கடைசி மாசமில்லா? அப்போ 825 கூட்டணும். 1954, ஆகஸ்ட் ஆரம்பம்.” நான் ஒரு தரம் சொல்லிக்கொடுத்தது, அதுவும் வேறு யாருக்கோ.

“வெடிக்கு ஒரு வாரம் முந்தி,” என்றார் பாட்டா. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

விளவங்கோடு தாலூக்கு. கிழக்கெல்லை இன்னார் விளை, தெற்கெல்லை இடவழி, மேற்கெல்லை தோடு. பையன் வாசித்துக்கொண்டே போக, அவள் ஒரு தாளில் கட்டம் போட்டு நான்கு பக்கமும் பெயர் எழுதினாள். இந்த வருடம் அவள் போட்ட வரைபடங்களில் இதுதான் சுத்தமானது. பிறகு மரங்கள்: தெங்கு இத்தனை, புளி ஒன்று, பிலாவு ஒன்று.

“பிலாவு எந்த மூலையில?” என்று கேட்டார் பாட்டா.

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். “அது எழுதல்ல பாட்டா.”

“வடகிழக்கு மூலையில. இப்பவும் காய்க்குது. எழுதிக்க மக்களே.”

அவள் கட்டத்தில் வடகிழக்கு மூலையைத் தேடி ஒரு சின்ன வட்டம் போட்டாள். பையன் எட்டிப் பார்த்து, பக்கத்தில் மலையாளத்திலும் எழுதட்டுமா என்று கேட்டான்.