மியாசாகி மாங்கன்று வாங்கலாமா?



நம்ம கோயில் வாட்சாப் குரூப்பில் இரண்டு வாரமாக ஓடுகிற மாங்கன்று விவகாரம் பற்றித்தான் இந்தப் பதிவு. குரூப்பில் நீளமா எழுதினா யாரும் படிக்கிறதில்லை, அதனால இங்க எழுதுறேன். கொஞ்சம் பெரிசு. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

தெரியாதவங்களுக்கு: மடப்பள்ளிக்குப் பின்னால, கால்வாய் ஓரமா நாலு மரம் வைக்க நிர்வாகம் இடம் கொடுத்திருக்கு. செலவுக்கு ஒரு பாட்டி 500 வெள்ளி கொடுத்திருக்காங்க. அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு. ரசீது எழுதிக் கொடுக்கும்போது அவங்க கேட்டது ஒண்ணுதான். "நான் நடந்து வர்ற காலத்துலயே அந்த மரத்துப் பழம் ஒண்ணு சாமி தட்டுல இருக்கணும் தம்பி."

அன்னிக்கு ராத்திரியே நம்ம இளைஞர் பிரிவுத் தம்பி ஒருத்தர் ஆன்லைன் நர்சரி கேட்டலாக்கிலிருந்து ஒரு படத்தைப் போட்டார். ரத்தச் சிவப்பா ஒரு மாம்பழம். "மியாசாகி, ஜப்பான், உலகத்திலேயே விலை உயர்ந்த மாம்பழம், கன்று 128 வெள்ளி, கூரியர் தனி." கீழே அவர் எழுதினது: "அங்கிள், இதை வச்சோம்னா திருவிழா ஏலத்துல ஒரு பழமே ஆயிரம் வெள்ளி போகும்." நாற்பது பேர் கைதட்டிட்டாங்க.

நான் தொழிற்சாலையில இருபத்தெட்டு வருஷமா வேலை செய்யுறேன். அதுல பாதி வருஷம் உள்ளே வர்ற பொருளைச் சரிபார்க்கிற இடத்துல. பெட்டி மேல அழகான படம் இருந்தாலும், பார்ட் நம்பர் இல்லைன்னா லைனுக்குள்ள விடமாட்டேன். சப்ளையர் எவ்வளவு சிரிச்சாலும் சரி. அந்தப் பழக்கத்துல, இந்த மியாசாகியோட பார்ட் நம்பர் என்னன்னு தேட ஆரம்பிச்சேன். எஸ்பிஎம் படிச்ச இங்கிலீஷ்தான், ஆனாலும் மூணு ராத்திரி உட்கார்ந்து படிச்சுட்டேன்.

முதல்ல ஒண்ணு. மியாசாகி என்பது மாமர ரகத்தோட பெயர் இல்லை. அது ஜப்பானின் தெற்கே ஒரு மாநிலம். அங்கே விளையுற பழத்தில், 350 கிராமுக்குக் குறையாமலும், இனிப்பு 15 டிகிரிக்குக் குறையாமலும், நிறம் சரியாகவும் இருந்தாத்தான் "சூரியனின் முட்டை" என்ற முத்திரை குத்துவாங்க. 2019-இல் ஏலத்தில் இரண்டு பழம் ஐந்து லட்சம் யென்னுக்குப் போனது இந்த முத்திரைப் பழம்தான். அதே மரத்தில் காய்ச்சு, எடையோ இனிப்போ குறைஞ்ச பழத்துக்கு அந்த முத்திரை கிடையாது. அப்படின்னா அந்த விலை மரத்துல இல்லை, வளர்க்கிற விதத்துல இருக்கு. கூடாரத்துக்குள்ள வளர்க்கிறாங்க. ஒவ்வொரு பழத்துக்கும் தனித்தனியா வலை கட்டி, பழம் தானாகப் பழுத்து காம்பை விட்டு வலைக்குள்ள விழுற வரைக்கும் காத்திருக்காங்க. நம்ம கோயில்ல வாழைமரம் கட்டவே சனிக்கிழமை நாலு பேர் வர்றதில்லை.

சரி, அந்த மரம் என்ன ரகம்? இர்வின். இங்கே சீனர் பழக்கடையில தைவான் மாம்பழம்னு பெட்டியில அடுக்கி வைக்கிறாங்களே, சிவப்பா, அதே இர்வின்தான். தைவானுக்கு அது 1954-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து போனது. அங்கே ஐவென் என்று சொல்வாங்க. நான் பார்த்த அதே கேட்டலாக்கில், நாலு பக்கம் தள்ளி, "ஐவென் தைவான், 35 வெள்ளி" என்று இன்னொரு கன்று இருந்தது. இலை, உயரம், பாலிபேக் எல்லாம் ஒண்ணு. பெயருக்கு மட்டும் 93 வெள்ளி.

இதுக்கு மேலதான் எனக்குத் தூக்கம் போச்சு. இர்வின் எங்கேயிருந்து வந்ததுன்னு தோண்டினேன். ஃபுளோரிடாவில் 1939-இல் நட்ட ஒரு விதை, 1945-இல் முதல் காய்ப்பு. அந்த விதை லிப்பன்ஸ் என்ற மரத்துப் பழத்தோடது. லிப்பன்ஸ், ஹேடன் என்ற மரத்தோட பிள்ளை. ஹேடன் யார் பிள்ளை தெரியுமா? முல்கோபா. பேரைக் கேட்டதும் மல்கோவா ஞாபகம் வருதா? எனக்கும் வந்துச்சு. 1889-இல் அமெரிக்க விவசாயத் துறை இந்தியாவிலிருந்து கப்பலில் வரவழைச்ச ஒட்டுக் கன்றுகளில் ஒண்ணு அது. அடுத்த சில வருஷத்தில் வந்த கடும் பனியில் மற்றதெல்லாம் செத்து, ஒரே ஒரு முல்கோபா பிழைச்சது. அதோட பழக்கொட்டைகளை 1902-இல் ஹேடன் என்ற ஒரு ரிட்டயர்ட் கேப்டன் வீட்டுக்குப் பின்னால நட்டார். மறுவருஷமே காலமாயிட்டார். அவர் மனைவிதான் தண்ணி ஊற்றி வளர்த்தாங்க. 1910-இல் காய்ச்ச பழம் அம்மா மரம் மாதிரியே இல்லை. நல்ல சிவப்பு, பெரிசு. அந்தம்மா அதுக்குப் புருஷன் பெயரை வச்சாங்க. இன்னிக்கு உலக மார்க்கெட்டில் இருக்கிற சிவப்பு மாம்பழங்களில் பெரும்பாலானவை அந்த ஹேடன் வம்சம்.

ஆக ஜப்பான் அதிசயம்னு நாம 128 வெள்ளி கொடுத்து வாங்கப் பார்க்கிறது, இந்தியாவிலிருந்து போன ஒரு மாமரத்தோட கொள்ளுப்பேத்தி. (முருகனே ஒரு பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு மலையேறினவர். அவர் கோயில்ல பழத்துக்குச் சண்டை வர்றதுல ஆச்சரியம் இல்லைன்னு தலைவர் அண்ணன் சொன்னார்.)

ஹேடன் ஏன் அம்மா மாதிரி இல்லைங்கிறது கன்று வாங்குறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. இந்திய வகை மாங்கொட்டைக்குள்ள ஒரே ஒரு கரு. அது அப்பா அம்மா இரண்டு பேரும் கலந்த பிள்ளை, எப்படி வரும்னு சொல்ல முடியாது. தாய்லாந்து, இந்தோனேசியா பக்கத்து வகைகளில் பெரும்பாலும் ஒரு கொட்டைக்குள்ள பல கரு இருக்கும். அதில் பெரும்பாலானவை தாய் மரத்தோட அச்சு. நம்ம கம்போங் மாங்காய் கொட்டை போட்டாலும் அதே மாதிரி வர்றது இதனாலதான். இர்வின் இந்திய வழி. அதனால "மியாசாகி விதை, பத்து 15 வெள்ளி" என்று விற்கிறவரிடம் வாங்கினா, வர்றது மாமரம் என்பது மட்டும்தான் நிச்சயம்.

எனக்குத் தெரிஞ்ச இன்னொரு கோயிலில் நடந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால, ஆன்லைனில் ஒரு நர்சரியிடம் ஒட்டுக் கன்றுன்னு மூணு வாங்கினாங்க. உரம், வேலி, தினமும் அபிஷேகத் தண்ணி. போன வருஷம் பூத்துக் காய்ச்சுது. நார் நாரா, பல்லில் மாட்டுற புளிப்புக் காய். கேட்கலாம்னா அந்த விற்பனைப் பக்கமே இப்ப இல்லை. பணம்கூடப் பரவாயில்லை, மூணு கன்றும் 90 வெள்ளிதான். ஆறு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பாங்க? ஃபேக்டரியில தப்பான பார்ட் வந்தா அன்னிக்கே தெரிஞ்சுடும். பழ மரத்தில் தப்பு தெரிய அஞ்சாறு வருஷம் ஆகும். பாட்டிகிட்ட போய் "இன்னொரு தடவை நடுறோம்"னு சொல்ற தைரியம் எனக்குக் கிடையாது.

படத்தைப் பார்த்து மரம் வாங்குறது இன்னிக்கு நேத்துப் பழக்கம் இல்லை. அமெரிக்காவில் ஸ்டார்க் பிரதர்ஸ் என்று ஒரு நர்சரி, 1816-இல் ஆரம்பிச்சது. தபாலில் கேட்டலாக் அனுப்பி, தபாலில் மரம் விற்றவங்க. புது ரகம் கண்டுபிடிக்க 1893-இல் பழப் போட்டி வச்சாங்க. அயோவா மாநிலத்திலிருந்து ஒரு விவசாயி அனுப்பின ஆப்பிள் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, ஆனா அனுப்பினவர் முகவரி தொலைஞ்சுபோச்சாம். அவர் மறுபடியும் அனுப்பின பிறகுதான் ஆளைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அதுக்கு வச்ச பெயர் டெலிஷியஸ். நாம அர்ச்சனைத் தட்டில் வைக்கிறோமே, அந்தக் கருஞ்சிவப்பு ஆப்பிள்தான். 1914-இல் மஞ்சள் ஆப்பிள் மரம் ஒண்ணை 5,000 டாலர் கொடுத்து வாங்கி, யாரும் குச்சி ஒடிச்சிட்டுப் போகாமல் இருக்க மரத்தைச் சுற்றிக் கூண்டே கட்டிட்டாங்க. சிவப்பு ஆப்பிள் கதைதான் வருத்தம். இன்னும் சிவப்பு, இன்னும் சிவப்புன்னு நிறத்தையே பார்த்துப் பார்த்துக் கிளைகளைத் தேர்ந்தெடுத்தாங்க, ருசி பின்னால போச்சு. தட்டில் பார்க்க லட்சணமா இருக்கும். கடிச்சா மாவு. படத்துக்கு இனிப்பு தெரியாது இல்லீங்களா.

நம்ம நாட்டில் ஒரு நல்ல விஷயம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்லை. விவசாயத் துறை பழ ரகங்களுக்குப் பதிவு எண் கொடுக்குது. டுரியானுக்கு டி, மாம்பழத்துக்கு எம்ஏ, ரம்புத்தானுக்கு ஆர். டி24 பதிவானது 1937-இல். மூசாங் கிங் டி197, பதிவு 1993. அதுக்கே ராஜா கூனிட் என்றும் பெயர். பிளாக் தோர்ன், டூரி ஹித்தாம், ஓச்சி மூணும் ஒரே டி200, பதிவு 2015. ஒரே கேட்டலாக்கில் இந்தப் பெயர்களை வேற வேற விலையில் பார்த்திருக்கேன். புது ரகம்னு யாராவது சொன்னா நான் முதலில் எண்ணைத்தான் கேட்பேன். வெளிநாட்டு ரகம்னா, அதோட பிறந்த ஊர்ப் பெயர் என்னன்னு கேட்பேன். நல்ல நர்சரிக்காரர் இரண்டுக்கும் உடனே பதில் சொல்வார். "ரொம்ப இனிப்பு பாஸ், கியாரண்டி"ன்னு ஆரம்பிச்சா அடுத்த ஆளைப் பார்க்கணும். (டுரியான் வைக்கலாமேன்னு கேட்டவருக்கு: பக்தர்கள் தலையில விழும். வேண்டாம்.)

எண் மட்டும் பார்த்தாலும் போதாது. அருமானிஸ், எம்ஏ128, எல்லாருக்கும் ஆசை. ஆனா அது பெர்லிஸ் மாநிலத்து வறண்ட மாதங்களில் பூத்துப் பழகின மரம். வருஷம் பூரா மழை கொட்டுற நம்ம கிள்ளானில் இலைதான் செழிக்கும். பூத்தாலும் மழையில் கறுத்து உதிரும். தாய்லாந்திலிருந்து வந்த சோக் அனான், எம்ஏ224, இந்த ஈரத்தைத் தாங்கும், வருஷத்தில் ஒண்ணுக்கு மேற்பட்ட தடவையும் காய்க்கும். பெயருக்கு அர்த்தம் முடிவில்லாத அதிர்ஷ்டம். அந்த அனான் என்பது நம்ம அனந்தம்தான்.

இன்னொண்ணு. ஜப்பானிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ குச்சியைப் பெட்டியில வச்சுக் கொண்டு வர்றேன்னு இரண்டு பேர் சொன்னாங்க. நல்ல மனசுதான். ஆனா செடி, விதை, குச்சி எதுவும் இறக்குமதி பெர்மிட்டும் நோய் இல்லைங்கிற சான்றிதழும் இல்லாமல் கொண்டு வரக்கூடாது. விமான நிலையத்தில் அதிகாரிகள் பிடிச்சா கோயில் பெயரும் சேர்ந்து வரும். ஒரு குச்சியோட வர்ற பூச்சி ஒரு மாவட்டத்துத் தோப்பையே சாப்பிட்டுடும்.

கடைசியா நாங்க செய்தது. நேரா வாங்கப் போகாமல், கேட்டலாக்கிலிருந்து மூணு நர்சரியைப் பொறுக்கி எல்லாருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: பதிவு எண், ஒட்டி எத்தனை மாசம், ஒட்டின இடத்தை நெருக்கமா ஒரு படம். ஒருத்தர் பதிலே இல்லை. ஒருத்தர் சிவப்புப் பழப் படத்தையே திரும்ப அனுப்பினார். மூணாவது அக்கா, ஒட்டின இடத்தில் விரலை வச்சு வீடியோவே அனுப்பிட்டாங்க. அவங்ககிட்ட சோக் அனான் இரண்டு, இர்வின் ஒண்ணு. மூணும் சேர்த்து, கூரியரோட 118 வெள்ளி. தம்பிக்கும் சந்தோஷம், அவர் கேட்ட மரம்தான், சொந்தப் பெயரில் வந்திருக்கு. ஏலம் விடும்போது ஜப்பான்னு சொல்லக்கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டேன். "இந்தியா வழி, அமெரிக்கா வழி, தைவான் வழி, கிள்ளான்னு சொல்லட்டுமா அங்கிள்?"னு கேட்டார். சொல்லட்டும்.

கன்று புதன்கிழமை வந்தது. பாதி இலையை வெட்டி, வேர் மண்ணைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுத்தி நல்லா அனுப்பியிருந்தாங்க. உடனே குழியில வைக்கலை. மூணு நாள் பெட்டியில இருட்டில் இருந்த செடி, நேரா வெயில்ல வச்சா கருகிடும். இப்ப மண்டபத்து நிழலில் இருக்கு, பத்து நாள் இருக்கட்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தா கிள்ளிடுங்க. அது அடிச் செடியோட துளிர், விட்டா ஒட்டினதைக் கொன்னுட்டு அதுவே மரமாயிடும். மேலே வர்ற துளிரை யாரும் தொடாதீங்க. தோரணத்துக்கு இலை கேட்டு வராதீங்க, இரண்டு வருஷம் பொறுங்க. ஒட்டுச் செடி மூணு நாலு வருஷத்தில் காய்க்கும். பாட்டிகிட்டயும் அதைத்தான் சொன்னேன். "நாலுன்னா எண்பத்திரெண்டு"ன்னு கணக்குப் போட்டுட்டு, நேத்துலேர்ந்து தினமும் ஒரு சொம்பு தண்ணியோட வந்து நிக்கிறாங்க. அதிகமா ஊத்தாதீங்கன்னு சொல்லத்தான் பயமா இருக்கு.

நாலாவது குழி இன்னும் காலியா இருக்கு. பணமும் மிச்சம் இருக்கு. எந்தக் கேட்டலாக்கிலும் இல்லாத மரம் உங்க வீட்டிலோ, பழைய தோட்டத்து லயத்துப் பக்கமோ நிற்கலாம். தாத்தா காலத்து மரம், பெயர் தெரியாது, ஆனா பழம் நல்லா இருக்கும்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ஞாயிறு காலையில் ஷிப்ட் இல்லை. ஒட்டுற கத்தியோட நானே வந்து குச்சி எடுத்துக்கிறேன். வரும்போது ஒரு பழம் கொடுத்தீங்கன்னா வேண்டாம்னு சொல்லமாட்டேன்.