பேர் வெட்டின சாமான்

ஜூன் 8, ஞாயிறு. இராயவரம்

வளவு வீட்டைப் பிரித்துவிடுவதென்று பங்காளிகள் நாலு பேரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். தூணும் நிலையும் ஒரு விலை, ஓடும் உத்தரமும் ஒரு விலை. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி வந்து பார்த்தால் சாமான் அறை ஏற்கெனவே காலி. அப்பத்தா இடுப்பை விட்டு இறக்காத சாவிக்கொத்து கதவிலேயே தொங்குகிறது.

"எடைக்குப் போடலை ஆத்தா, நல்ல வெலைக்குத்தான் போச்சு" என்றார் அண்ணன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், ஊரில் இருக்க ஆளில்லை. அவர் சொன்ன எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. சாப்பிடவும் முடியவில்லை.

ஜூன் 9

தூக்கமில்லை. சாமான் எங்கே போயிற்று என்று கேட்டதற்கு, "காரைக்குடிதான், வேறெங்க?" என்றார் அண்ணன்.

ஜூன் 11, புதன். காரைக்குடி

முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். தெருவுக்கே வந்து கிடக்கின்றன கதவு நிலைகளும் பெட்டகங்களும். உள்ளே போனால் ஸ்வீடன் நாட்டுக் கோக்கம்ஸ் முத்திரையோடு எனாமல் தூக்குச் சட்டிகள், மங்குச் சாடிகள், ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்த ரவிவர்மா அச்சுப் படங்கள், பல்லாங்குழிகள், யாரென்றே தெரியாத தம்பதிகளின் கல்யாண போட்டோக்கள். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்தவர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவை பாதி. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அந்த வரும்படி நின்றது. வீடுகள் மட்டும் அதே அகலத்தில் நின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீடுகள் இந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் புதுக்கோட்டை ராஜா அரிசியோடு தானமாகக் கொடுத்த காசு. விலை கேட்டேன், வாங்கவில்லை.

தூண் பார்க்க வந்திருந்த பையன் ஒருவன், கட்டடக்கலை படித்தவனாம், பெங்களூரில் கட்டும் வீட்டுக்காக வந்திருக்கிறான். தேக்குத் தூணைத் தடவிப் பார்த்து அடியில் முகர்ந்துகூடப் பார்த்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. "இந்தக் கடைங்க இல்லேன்னா இதெல்லாம் ரம்பத்துக்குப் போயிருக்கும்மா" என்றான். அவன் சொன்னது நிஜம். அதற்குப் பிறகும் ஆத்திரம் போகவில்லை.

கடைசிக் கடையில்தான் பித்தளை. அண்டா, குண்டான், குத்துப்போணி, செம்பு என்று கூரை வரை அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் புள்ளி புள்ளியாக உளி வைத்துப் பேர் வெட்டியிருக்கிறார்கள். முதலில் விலாசம், குடும்பத்தைக் குறிக்கும் இரண்டு மூன்று எழுத்து. அதை அடுத்து ஒரு பெண்ணின் பெயர். சீராக வந்தவை எல்லாம். ஆச்சிகள், அப்பத்தாக்கள், ஆயாக்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் அப்பத்தாவின் பெயர் எங்கேயுமில்லை. அவர் பெயர் இருந்தது பித்தளையில் மட்டும்.

"என்ன தேடுறீங்க ஆச்சி?"

சொன்னேன். கடைக்காரர் அறுபது தாண்டியவர். முகம் சட்டென்று மாறிவிட்டது. "இராயவரம் சாமானா? கொஞ்சம் இருக்கு. கொஞ்சம் பாலீஷுக்குப் போயிருச்சே."

பாலீஷ் என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். சக்கரத்தில் வைத்துத் தேய்த்தால் பளபளவென்று வரும், வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றார். எழுத்து? ஆழமாக வெட்டியது நிற்கும். மேலாக வெட்டியது மழுங்கிவிடும்.

ஜூன் 12

கடையில் குறித்துக்கொண்டு வந்த பெயர்களைத் தனிக் காகிதத்தில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அப்பத்தா பெயர் அதில் இல்லை.

ஜூன் 15

வீட்டில் ஓடு இறக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் நேராகப் பட்டாலையில் விழுகிறது.

ஜூன் 24, செவ்வாய். புதுக்கோட்டை

அயித்தையைப் பார்க்கப் போனேன். அப்பத்தாவின் சீர்ச் சாமான் சிட்டையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை கையெழுத்து. விளக்குமாறு, முறம் வரைக்கும் எழுதியிருக்கிறது. தலைப்பில் இரண்டு வீட்டு ஆண்களின் விலாசம். கல்யாணப் பெண் யாரென்று அதில் இல்லை. அயித்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றார்கள். பிறகு வெகுநேரம் அவர்களுடைய கல்யாணச் சீர் பற்றிப் பேசினார்கள். சிரிப்பும் பேச்சுமாக நல்ல மத்தியானமாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பச்சியின் நினைவு. சின்ன வயதில் என்னைச் சென்னை மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போவார், பழைய புத்தகக் கடைகளுக்கு. 1900ல் திறந்த மார்க்கெட், 1985 மே மாதத்துத் தீயில் போனது. அன்று எல்லோருக்கும் தெரிந்தது, பேப்பரில் வந்தது. இங்கே ஒவ்வொரு வீடாகப் போகிறது. எந்தப் பேப்பரில் வரும்? காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். புத்தகத்தோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் வரை சேர்த்து வைத்தார். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994ல் சென்னையிலேயே அது நூலகமானது. காகிதத்துக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். பித்தளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஜூன் 25

பித்தளையைக் காப்பாற்ற முடியாது. அண்டாவை வைக்கச் சென்னை பிளாட்டில் இடமும் இல்லை. பெயரை எழுதி வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?

ஜூலை 2, புதன்

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அப்பத்தா பெயரோடு ஒரு குத்துப்போணி கிடைத்திருக்கிறதாம். விலாசம்தான் எங்கள் வீட்டுடையது இல்லை. அப்பத்தா பிறந்த வீட்டு விலாசமாக இருக்குமா? அண்ணனுக்குத் தெரியவில்லை. அயித்தைக்கு ஒரு எழுத்து சரியாகவும் ஒன்று சந்தேகமாகவும் இருக்கிறது. அதே பெயரில் அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். எடுத்து வையுங்கள், யாருடையதாக இருந்தாலும் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

இன்னொன்றும் கேட்டேன்: புதிதாக வரும் சாமான்களை, பேரைக் குறிக்கும் வரை பாலீஷுக்கு அனுப்பாமல் வைக்க முடியுமா? யோசித்தார். "எல்லாத்துக்கும் முடியாது ஆச்சி, பணம் முடங்கிப் போகும். நீங்க வர்ற அன்னைக்கு வேணா நிறுத்தி வைக்கிறேன்." வியாழக்கிழமை பொன்னமராவதிப் பக்கமிருந்து ஒரு வீட்டுச் சாமான் இறங்குகிறதாம்.

நாளைக்கு என்றால் இன்றைய ரயில் டிக்கெட்டை மாற்ற வேண்டும். வீட்டில் என்ன காரணம் சொல்வது? அயித்தையிடம் கேட்டேன், அவர்களும் வருகிறார்களாம். கண் ஆபரேஷன் ஆன பிறகு பொடி எழுத்து நன்றாகத் தெரிகிறதாம்.