முழங்கால் தேர்ந்தெடுத்த ஊர்

வெளிநாடு போவதென்றால் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பத்து நாளில் ஆறு நாடு காட்டும் குரூப் டூர். 2017-ல் நாங்களும் போனோம். காலை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவார்கள். என் மனைவிக்கு அப்போதே முழங்கால் வலி உண்டு. எந்த இடத்தில் இறங்கினாலும், "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்பாள். நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பி ஆல்பத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது, பாதிப் படங்களில் அவள் இல்லை.

2024 ஜனவரியில் லண்டனில் மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தது. "அங்கிருந்து போர்ச்சுகல் தெற்குக் கடற்கரைக்குப் போங்கப்பா. ஒரே ஊர்ல ஒரு மாசம் இருங்க. இப்ப சீசன் இல்ல, வாடகையும் குறைச்சல், கூட்டமும் இருக்காது" என்றான். ஷெங்கன் விசாவைச் சென்னையிலேயே எடுத்துக்கொண்டோம்.

ஊரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அங்கேதான் தவறு நடந்தது. அந்தப் பகுதிக்கு அல்கார்வ் என்று பெயர். மேற்கே போனால் பொன்னிறப் பாறைகளும் குகைகளும் நிறைந்த கடற்கரை. காலண்டரில் வருகிற படமெல்லாம் அங்கே எடுத்ததுதான். கிழக்கே பாறை கிடையாது. உப்பங்கழியும் அதற்கு அப்பால் நீள நீளமான மணல் தீவுகளும்தான். நான் படத்தைப் பார்த்து மயங்கி, மேற்கே கார்வொயெய்ரோ என்ற சிற்றூரில், குன்றின் மேல் கடல் தெரிகிற வீடாக ஒரு மாதத்துக்குப் பிடித்துவிட்டேன்.

அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டிலிருந்து கீழே இறங்கச் செங்குத்தான சரிவு. திரும்பும்போது அதே சரிவில் ஏறவேண்டும். கீழே போனால் பாதிக் கடைகளில் "மார்ச்சில் சந்திப்போம்" என்கிற மாதிரி அட்டை தொங்குகிறது. ரயில் பிடிக்க டாக்ஸி வேண்டும். பகலில் 16, 17 டிகிரி வெயில் இதமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பல வீடுகள் கோடைக்கென்று கட்டியவை. ராத்திரி வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே நிற்பது தேவலை என்று தோன்றும். சிறிய ஹீட்டர் ஒன்றின் முன்னால் இருவரும் சால்வையோடு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள் மாலை, "கீழ ஒரு நடை போயிட்டு வருவமா?" என்று கேட்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

ஏழு வருடம் கழித்து அதே வார்த்தை. அவள் வருத்தமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கீழே இறங்க மனம் வரவில்லை.

அன்று ராத்திரி ஒரு காகிதத்தில் வேறொரு கணக்கு எழுதினேன். சமதரையாக இருக்கவேண்டும். குளிர்காலத்திலும் உள்ளூர் ஜனம் வாழ்கிற ஊராக இருக்கவேண்டும். நடக்கிற தூரத்தில் காய்கறி, ரொட்டி, மருந்துக்கடை வேண்டும். ரயில் நிலையம் வேண்டும். வீட்டில் சரியான ஹீட்டரும், வெயில் விழும் ஜன்னலும் வேண்டும். கடல் தெரிகிற ஜன்னலை அடித்துவிட்டேன்.

அல்கார்வ் முழுவதும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ரயில் பாதை ஓடுகிறது, லாகோஸில் தொடங்கி ஸ்பெயின் எல்லை வரை. 65 வயது தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம். மறுநாள் நான் மட்டும் ரயிலேறி, ஃபாரோ தாண்டிக் கிழக்கே உள்ள தவீரா என்ற ஊரைப் பார்த்து வரப் போனேன். கோவில் கோட்டை எதையும் பார்க்கவில்லை. ஊர்க் கிழவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். ஜிலாவ் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. அதன் கரையில் வெயில் படுகிற பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் கிழவர்கள் உட்கார்கிற இடத்தில் மேடு இருக்காது, காற்று அடிக்காது, பக்கத்திலேயே காப்பி கிடைக்கும். எந்தப் புத்தகத்தையும்விட இந்த அடையாளம் நம்பகமானது.

பழைய வீட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. போகட்டும் என்று விட்டேன்.

தவீராவில் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் வீடு. வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, எங்களுக்குப் போர்ச்சுகீஸ் வராது. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். மேஜையைத் தொட்டு "மேஸா". ஜன்னலைத் திறந்து "ஜனேலா". அலமாரி "அர்மாரியு". கடைசியில் சாவியைக் கையில் கொடுத்து "ஷாவ்". என் மனைவி சிரித்துவிட்டாள். "நம்ம சாவியத்தான் சொல்றாங்க!" எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. முத்துக்குளித்துறைக்குப் போர்ச்சுகீசியர் வந்து ஐந்நூறு வருடம் ஆகப் போகிறது. அவர்கள் விட்டுப்போன சொற்களை அவர்கள் வீட்டிலேயே கேட்டோம்.

ஊருக்கு வெளியே உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளைக் குவியல், நடுவில் பூநாரைகள். "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்? நம்ம ஊருலயே கெடக்கே" என்றாள். சொல்லிவிட்டு அரைமணி நேரம் அங்கேயே நின்றாள்.

சின்னச் சின்னதாய் நாட்கள் போயின. ஒரு நாள் பக்கத்திலுள்ள சாந்தா லூசியாவில் பேய்க்கணவாய் பிடிக்கும் பானைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தோம். இன்னொரு நாள் பாரில் கடற்கரை. பொம்மை ரயில் மாதிரி ஒன்றில் ஏறிப் போனால், மணலில் வரிசை வரிசையாகத் துருப்பிடித்த நங்கூரங்கள். சூரை மீன்பிடி அங்கே நின்றுபோனதன் நினைவாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ரயிலில் எல்லை வரை போய், படகில் ஆற்றைக் கடந்து ஸ்பெயினில் காப்பி குடித்துவிட்டு வந்தோம். மழை பெய்தால் எங்கும் போகமாட்டோம். கொண்டுபோன புளியில் அவள் கணவாய்க் குழம்பு வைப்பாள்.

இரண்டாவது வாரம் என்று நினைவு. ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சளி பிடித்து, உடம்பு அசதியாக இருந்தது. ஆரஞ்சு தீர்ந்துவிட்டது, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையில் வாங்கவேண்டும். நான் எழுந்திருக்கப் போனேன்.

"நீங்க இருங்க. நான் போயிட்டு வாரேன்."

பையை எடுத்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றி மெதுவாகப் பாலத்தில் ஏறினாள். நடுவில் நின்று ஆற்றைப் பார்த்தாள். திரும்பி எனக்குக் கை காட்டினாள். பாஷை தெரியாத ஊரில், தனியாகக் கடைக்குப் போய், இரண்டு கிலோ ஆரஞ்சும் சில்லறையும் சரியாக வாங்கி வந்தாள். நான் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அந்தப் பாலத்துப் படம்தான். தூரத்தில் எடுத்தது, முகம் தெரியாது.

உங்களில் யாராவது இப்படி ஒரு மாதம் போவதாக இருந்தால் நான் சொல்வது இதுதான். இருவரில் மெதுவாக நடப்பவர் தனியாக எதுவரை போய் வர முடியும் என்று முதலில் பாருங்கள். அதற்குள் அடங்குகிற ஊரில் வீடு பிடியுங்கள். பாறையும் குகையும் பார்க்கவேண்டுமென்றால் ஒரு நாள் ரயிலேறிப் போய் வந்துவிடலாம்.

நல்ல பிடிமானம் உள்ள செருப்பும் கொண்டுபோங்கள். அங்கே நடைபாதையெல்லாம் சின்னக் கற்கள் பதித்தது, மழையில் வழுக்கும்.