மலையிறங்கி ஒரு பேய்ப் படம்!

'வெள்ளிக்கிழமை பேய்ப் படம் ரிலீஸ். உங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு. முதல் நாளே மேல வந்துடுங்கண்ணே!' - செம்மநத்தத்திலிருந்து நண்பனின் போன்.

படம் ஓடுவது சேலத்தில். சேலத்திலேயே குடியிருக்கும் நான் எதற்கு மலையேறணும்? பி.காம். மூளை கணக்குப் போட்டது. ஏற 20 கொண்டை ஊசி வளைவு, இறங்க 20... ஆனாலும் போனேன். குளிர் ஓசியில் கிடைக்கிறதே!

ஏற்காட்டையும் தாண்டி, சேர்வராயன் மலைக்குள் இருக்கிறது செம்மநத்தம். காப்பிச் செடி, மிளகுக் கொடி, பனி. நண்பனுக்கு வயசு இருபது. வீட்டில் அவனும் அவன் ஆயாவும்தான். (நம்ம பக்கம் ஆயா என்றால் பாட்டி!) 'இருட்டறதுக்குள்ள வந்துடு சாமி, காட்டெருமை நிக்கும்' என்று மூன்று தடவை சொல்லித்தான் ஆயா அனுப்பினார்.

2025 செப்டம்பர் 12, காலை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வளைவுக்கு ஒரு சாமியைக் கும்பிட்டபடி அடிவாரம் சேர்ந்தேன். ஏற்காடு ரோட்டில் இருபத்தோராவதாக ஒரு வளைவு... மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு! 1935-ல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956-ல் இவர்கள் தந்ததுதான். இன்று ஸ்டூடியோ இல்லை, வளைவு நிற்கிறது.

நாங்கள் பார்த்தது ஜப்பான் கார்ட்டூன் - மன்னிக்கவும், 'அனிமே' என்று சொல்லணுமாம் - 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்'. பேய்கள் தமிழிலேயே பேசுகின்றன! 2019-ல் டி.வி.யில் தொடங்கும் முன்பே, மார்ச் 29 முதல் இரண்டு வாரம், இந்தத் தொடரின் முதல் ஐந்து பகுதிகளை ஜப்பானில் 11 தியேட்டர்களில் ஓட்டினார்கள். இன்று சேலத்தில் பச்சைக் கட்டம் போட்ட கோட்டு மாட்டிய பையன்கள் விசிலடிக்கிறார்கள்.

தலைகீழ் மாடிப்படி, தானாக இடம் மாறும் அறைகள், 155 நிமிஷம்... எனக்குத் தலை சுற்றியது. இன்டர்வெல்லில் நண்பன் முன்கதை சொன்னான். பாறை மேல் ஏறி, சிக்னல் பிடித்து, செல்போனில் மொத்தமும் பார்த்தவனாயிற்றே!

மலைமேல் ஒரு குடும்பம். மூத்த பையன் தான்ஜிரோ கரி விற்கக் கீழே இறங்குகிறான். இருட்டிவிட, 'பேய் வரும், போகாதே' என்று பெரியவர் ஒருவர் தடுக்க, அடிவாரத்திலேயே தங்குகிறான். விடிந்து வீடு போனால் எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள். மிஞ்சிய தங்கை நெசுகோ, பேயாகிவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன்: 'ராத்திரி நம்ம வீட்ல தங்கு. காலைல அந்த ஆடிட்டரைப் பார்த்துடலாம். வேலை ரெடியா இருக்கு.'

'ஆயாவும் கீழ வந்தா சேர்றேண்ணே. தனியா விட்டுட்டு முடியாது.'

ஆயா மலையை விட்டு இறங்க மாட்டார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பி.காம். படித்தும் எனக்கு இந்தக் கணக்கு டேலி ஆகவில்லை.

நாலு மணிக்கே பைக் கிளம்பிவிட்டது. ராத்திரி ஏழரைக்குப் போன். பாறை மேலிருந்துதான் பேசியிருப்பான்: 'வந்து சேர்ந்துட்டேண்ணே. ஆயா நல்லாருக்கு.'

அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.