கோமாளியும் விண்கலமும்

கூத்து மேடையிலே கோமாளி தோன்றியதும் சபை சிரிக்கின்றது. அதே கோமாளி நாளை அரசன் வேடம் கட்டப்போகின்றான் என்று அறிவித்துவிட்டாலோ, சிரித்த சபையே முணுமுணுக்கத் தொடங்கிவிடும். அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் திரைப்பட வரிசையான 'ஸ்டார் ட்ரெக்'கின் பதின்மூன்றாவது படத்தை எழுதும் பொறுப்பு, 2015 ஜனவரியில், டக் ஜங் என்பவரோடு சேர்த்து ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் சைமன் பெக்கிடம் ஒப்படைக்கப்பட்டபோது இரசிகர் உலகில் எழுந்ததும் இத்தகைய முணுமுணுப்பே. அன்று நாமும் முகஞ் சுளித்தோம். அந்த முகச் சுளிப்பை இன்று சற்று விசாரிக்க விரும்புகிறோம்.

இரசிகரின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1966 செப்டெம்பர் 8ஆந் திகதி தொலைக்காட்சியில் தொடங்கிய இக்கதை, நிறவெறி தலைவிரித்தாடிய அமெரிக்காவிலே, கறுப்பினப் பெண்ணொருத்தியையும் ஆசிய வம்சாவளி இளைஞன் ஒருவனையும் விண்கலத்தின் அதிகாரிகளாக அமர்த்திக் காட்டியது. கெடுபிடி யுத்தம் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1967இல், ரஷ்யன் ஒருவனையும் அவர்களருகே இருத்தியது. தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த வேளையில் இரசிகர்கள் கடிதங்களைக் குவித்தனர். 1968இல் தொடர் இன்னுமோராண்டு ஆயுள் பெற்றது. தாம் காத்த பிள்ளையைப் பிறர் கையிற் கொடுக்க யாருக்குத்தான் மனம் ஒப்பும்?

பெக் அவர்களுக்கு அந்நியரல்லர். 2009 முதல் அப்படங்களிலே பொறியியலாளர் ஸ்கொட்டியாக நடித்துவந்தவர். எனினும் சந்தேகத்துக்குக் காரணங்கள் இருந்தன. 'ஸ்பேஸ்ட்' என்ற தமது தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில், ஒற்றை எண்ணுடைய ஸ்டார் ட்ரெக் படங்கள் யாவும் மோசமானவை என்று கேலி பேசியவர் அவர். 2013இல் லாஸ் வேகாஸில் கூடிய இரசிகர்கள், அவர் நடித்த பன்னிரண்டாவது படத்தை வரிசையின் கடைசியில் வைத்தபோது, அவர்களைக் கடுஞ்சொல்லால் ஏசியவரும் அவரே. நெறியாளரோ கார் சாகசப் படங்களால் பெயர் பெற்ற ஜஸ்டின் லின். 2015 டிசெம்பரில் மோட்டார்ச் சைக்கிளும் இரைச்சற் பாட்டுமாக முன்னோட்டம் வெளிவந்ததும், பயந்தது நடந்துவிட்டது என்றனர் பலர். அம்முன்னோட்டம் தமக்கும் உவப்பாயில்லை என்று பெக்கே ஒப்புக்கொண்டார்.

நாம் முகஞ் சுளித்ததற்குக் காரணம் வேறு. சிரிப்பு சிந்தனைக்குப் பகை என்ற எண்ணம் எம்முள் ஊறிக் கிடந்தது. கருத்துள்ள எழுத்தாளன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே எழுதவேண்டும் என்று நம்பும் முற்போக்காளர் நம்மிடையே குறைவல்ல. மெய்ப்பாடு எட்டினுள் நகையையே தொல்காப்பியர் முதலில் வைத்தார் என்று வகுப்பிலே படிப்பிக்கிறோம். வகுப்பு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். 1936இல் வெளிவந்த சார்லி சப்ளினின் 'மொடேர்ன் டைம்ஸ்' படத்திலே, முடுக்கி முடுக்கியே கை தானாக ஆடத் தொடங்கிவிட்ட தொழிலாளியைக் கண்டு சிரிக்கிறோம். இயந்திரம் மனிதனை என்ன செய்கின்றது என்பதை அச்சிரிப்பைவிடத் தெளிவாக உணர்த்திய பிரசங்கங்கள் மிகச் சிலவே.

இந்தக் கோமாளிதான் யார்? பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் நாடகமும் திரைப்படமும் பயின்று 1991இல் பட்டம் பெற்றவர். 1970களின் வெகுசனத் திரைப்படங்களை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்து ஆய்வேடு எழுதியவர். 2015 மே மாதத்தில் வெளிவந்த பேட்டியொன்றில், 'கோட்பாதர்', 'டாக்சி டிரைவர்' போன்ற படங்கள் இருந்த இடத்தைச் சாகசக் காட்சிகள் பிடித்துக்கொண்டன என்றும், வளர்ந்தோர் குழந்தைகளாக்கப்படுகின்றனர் என்றும் அவர் சொன்னார். இரசிகர் கொதித்தெழுந்தனர். எம்மால் வாழ்பவன் எம்மையே பழிப்பதா என்பது அவர்களது கேள்வி. பெக் பின்னர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் போட்ரியாரைத் துணைக்கழைத்து விளக்கம் எழுதினார். விளையாட்டுப் பொருள்களிலே மக்கள் மனத்தை ஆழ்த்தி, அநீதியைக் கேள்வி கேளாதிருக்கச் செய்யும் அமைப்பே தமது இலக்கு என்பது அதன் சாரம்.

அமைப்பின் கணக்கு எத்தகையது என்பதையும் அவரே அவ்வாண்டில் வெளிப்படுத்தினார். முந்திய பிரதி 'அளவுக்கு மீறி ஸ்டார் ட்ரெக்காக' இருக்கின்றதென்று படநிறுவனம் அஞ்சியதாம். உலகெங்கும் 150 கோடி டொலர் ஈட்டிய 'அவெஞ்சர்ஸ்' படத்தின் அருகே, 50 கோடிக்குச் சற்றுக் குறைவாக ஈட்டிய பன்னிரண்டாவது ஸ்டார் ட்ரெக் சிறு வியாபாரமாகத் தோன்றியது. கதையின் கனத்தைக் குறைக்க விரும்பியது கோமாளியன்று, கணக்குப் புத்தகமே.

2015 டிசெம்பரில் இன்னொன்றும் நிகழ்ந்தது. இரசிகர்களிடம் பணந் திரட்டி 'அக்சனார்' என்ற ஸ்டார் ட்ரெக் படத்தை எடுக்க முனைந்தோர்மீது உரிமை படைத்த நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2016 ஜூனில் விதிகளும் வகுக்கப்பட்டன: இரசிகர் எடுக்கும் தனிப்படம் 15 நிமிடத்தை விஞ்சலாகாது, பொதுமக்களிடம் 50,000 டொலருக்கு மேல் திரட்டலாகாது. கடிதமெழுதிக் காத்த பிள்ளை யாருடையது என்பது அப்போது ஐயந்திரிபற வெளியாயிற்று.

2016 ஜூலையில் பதின்மூன்றாவது படம் திரைக்கு வந்தது. விண்கலம் சிதைந்து, குழுவினர் அந்நியக் கிரகமொன்றிலே சிதறுண்டு போகின்றனர். காயமுற்ற ஸ்பொக்கும், அவனோடு எப்போதும் சச்சரவிடும் மருத்துவர் மக்கோயும் தனித்து அகப்படுகின்றனர். உணர்ச்சியை அடக்கியே பழகிய ஸ்பொக் அவ்விடத்தே சிரித்துவிடுகின்றான்; நோயாளிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார் மருத்துவர். நாமும் சிரித்தோம். ஆயிரம் வசனங்கள் உரைக்கமாட்டாத நட்பு அச்சிரிப்பிலே இருந்தது. போரே மனிதனை உரமாக்கும், ஒற்றுமை அவனை நலிவிக்கும் என்று வாதிடும் எதிரியை இறுதியில் ஒற்றுமையே வெல்கின்றது. விமரிசகர் பலர் பாராட்டினர். வசூலோ 35 கோடி டொலரை எட்டவில்லை.

பெக்கைப் புரட்சியாளராக்க நாம் முற்படவில்லை. சந்தையைக் கண்டித்த அவரே சந்தைக்கும் எழுதினார். அம்முரண்பாடு கூலிக்கு எழுதுவோர் யாவர்க்கும் பொது. சம்பளத்துக்குப் படிப்பிக்கும் நமக்கும் அது புதியதன்று. நம்மை உறுத்துவது பிறிதொன்று. கோமாளி மேடையேறியபோது சபையோடு சேர்ந்து நாமும் அவனையே முறைத்துக்கொண்டிருந்தோம். கொட்டகைச் சொந்தக்காரனோ வாசலிலே இருந்து நமது பணத்தை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் நாம் ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்தோமில்லை.